காணாமல் போன ஒரு ஜிபி

ஏதாவது ஒன்று கணக்கில் குறைந்தால் நம் ஊர்களில் இரண்டு விதமாகக் கேட்பார்கள். "எப்படிக் குறைந்தது?" என்பது ஒன்று. "யார் உள்ளே வந்தது?" என்பது இன்னொன்று. நம் தெருப் பிள்ளைகள் அருகில் இருந்துவிட்டால் முதல் கேள்விக்கு வேலையே இருக்காது. நேராக இரண்டாவதற்குப் போய்விடுவார்கள். வகுப்பில் பேனா தொலைந்தாலும் சரி, வேலைக்குப் போன வீட்டில் மோதிரம் தொலைந்தாலும் சரி, இதுதான் வழக்கம். ஒரு கணிப்பொறிக்குள் ஒரு ஜிபி நினைவகம் தொலைந்தபோதும் இதேதான் நடந்தது. அதை விளக்கமாகப் பதிவு செய்கிறோம். பழைய கணிப்பொறி வைத்திருக்கும் எல்லா படிப்பகங்களுக்கும் இதில் பயனுள்ள செய்தி இருக்கிறது. அதோடு, தோழர்கள் யோசிக்க வேண்டியதும் கொஞ்சம் இருக்கிறது.

எங்கள் மாலைநேரப் படிப்பகத்தில் ஒரு பழைய கணிப்பொறி உண்டு. பணி ஓய்வு பெற்ற தோழர் ஒருவர் தன் வீட்டில் பயன்படுத்திவிட்டுக் கொடுத்தது. பழைய இன்டெல் செயலி, மதர்போர்டில் இரண்டே இரண்டு ராம் ஸ்லாட், விண்டோஸ் 7. கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பது, சாதிச் சான்றிதழையும் வருமானச் சான்றிதழையும் ஸ்கேன் செய்து ஏற்றுவது, கல்லூரி விண்ணப்பம், தேர்வு முடிவு என்று எங்கள் பகுதிப் பிள்ளைகளின் பாதி வேலை அதில்தான் நடக்கிறது. அதில் இருந்தது 2 ஜிபி ராம். இணையத்தில் இரண்டு பக்கம் சேர்த்துத் திறந்தால் திணறும். படிவத்தின் கடைசிப் பக்கம் வரை வந்து உறைந்து நின்றுவிட்டால் மறுபடி முதலிலிருந்து நிரப்ப வேண்டும். கூலி வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையோடு வந்து உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு அது இன்னொரு நாள் சம்பளம்.

ஆளுக்கு ஐம்பது, நூறு என்று சேர்த்தோம். பழைய டிடிஆர் 2 வகை ராம், 2 ஜிபி, 700 ரூபாய்க்குக் கிடைத்தது. பாலிடெக்னிக் இரண்டாமாண்டு படிக்கும் எங்கள் தம்பி ஒருவன்தான் போய் வாங்கி வந்தான், அவனே பெட்டியைத் திறந்து பொருத்தினான். இரண்டும் இரண்டும் நான்கு. ஆனால் திரையில் வந்த கணக்கு 2.99.

வேகமும் எதிர்பார்த்த அளவு கூடவில்லை. சரி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு டவுனில் உள்ள ஒரு பழுது பார்க்கும் கடைக்குப் போனோம். எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டார். சொன்னோம். திரையைப் பார்த்தார். பெட்டியைத் திறக்கவில்லை, ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடவில்லை. "ரெண்டு ஜிபி இருந்த எடத்துல ஒரு ஜிபி இருக்கு, அவ்ளோதான். ரெண்டும் ஒண்ணும் மூணு, கணக்கு சரியா இருக்குல்ல? உங்க பசங்கதான் யாராச்சும் மாத்தியிருப்பானுங்க. பழைய போர்டு வேற. புதுசா ஒண்ணு வாங்கிடுங்க, 25,000ல முடிச்சுத் தரேன்" என்றார். தம்பி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.

அவன் அங்கே ஒன்றும் பேசவில்லை. மறுநாள் மாலை வந்து மேசைமேல் 700 ரூபாயை வைத்தான். "அம்மாகிட்ட வாங்கிட்டு வந்தேண்ணா. நான் எடுக்கல. ஆனா பேச்சு வேணாம், வச்சுக்கங்க" என்றான்.

தோழர்களே, இந்த 700 ரூபாயை நினைத்துப் பாருங்கள். எடுக்காத பொருளுக்கு விலை கொடுத்து வாயடைக்கப் பார்க்கும் பழக்கம் பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு எங்கிருந்து வந்தது? வாதாடிப் பயனில்லை, கேட்பவர்கள் ஏற்கனவே முடிவு செய்துவிட்டார்கள் என்று அவனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அந்தப் பணத்தை அவன் சட்டைப் பையிலேயே திருப்பி வைத்தோம். "நாளைக்கு ஸ்க்ரூ டிரைவர் எடுத்துட்டு வா. எங்க போச்சுன்னு எல்லாரும் சேர்ந்து பார்க்கலாம்" என்றோம். படிப்பகத்துப் பிள்ளைகள் அத்தனை பேரையும் வரச் சொன்னோம். சந்தேகம் பொது இடத்தில் சொல்லப்பட்டது. விடையும் பொது இடத்தில்தான் கிடைக்க வேண்டும்.

முதலில் செய்தது, திரையில் இருப்பதை முழுதாகப் படித்தது. விண்டோஸ் 7இல் கம்ப்யூட்டர் படத்தின்மேல் வலது பொத்தானை அழுத்தி ப்ராப்பர்ட்டீஸ் போனால் ஒரு வரி வரும். எங்கள் கணிப்பொறியில் அந்த வரி சொன்னது இதுதான்: பொருத்தப்பட்டிருக்கும் நினைவகம் 4.00 ஜிபி; அடைப்புக்குறிக்குள், பயன்படுத்தக்கூடியது 2.99 ஜிபி. ஒரே வரியில் இரண்டு எண்கள். கடைக்காரர் படித்தது இரண்டாவதை மட்டும். முதல் எண்ணைப் படித்திருந்தால் அவர் சொன்ன கதைக்கு இடமே இல்லை. 2 ஜிபியை எடுத்துவிட்டு 1 ஜிபி வைத்திருந்தால் பொருத்தப்பட்டது என்ற இடத்திலேயே 3 என்றுதான் வந்திருக்கும். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் மிச்சத்தை மட்டுமே காட்டும், அதனால் குழப்பம் நியாயம். விண்டோஸ் 7 இரண்டையும் காட்டுகிறது. படிக்கத்தான் ஆள் வேண்டும்.

ஆனாலும் ஒரு வரியை மட்டும் நம்பி முடித்துவிடக் கூடாது என்று, பெட்டியையும் திறந்தோம். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் உலோகச் சட்டத்தைத் தொட்டுவிட்டு (உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் ராமைக் கெடுத்துவிடும்), இரண்டு ராமையும் கழற்றினோம். தங்க நிறத்தில் இருக்கும் அதன் பற்களைப் பள்ளிக்கூட அழிரப்பரால் மெல்லத் தேய்த்துத் துடைத்தோம். ஸ்லாட்டில் இருந்த தூசியை ஊதினோம். பழைய கணிப்பொறிகளில் நினைவகம் குறைவாகத் தெரிய இந்த அழுக்கும் ஒரு காரணம். இரண்டு பக்கக் கொக்கியும் 'டக்' என்று விழும்வரை அழுத்தாவிட்டாலும் அப்படித்தான்.

பிறகு ஒரு நோட்டில் நான்கு கட்டம் போட்டோம். பழைய ராம் முதல் ஸ்லாட்டில். பழைய ராம் இரண்டாம் ஸ்லாட்டில். புதிய ராம் முதல் ஸ்லாட்டில். புதிய ராம் இரண்டாம் ஸ்லாட்டில். ஒவ்வொரு முறையும் தனித்தனியாகப் போட்டு இயக்கினோம். நான்கு முறையும் பொருத்தப்பட்டது 2.00 ஜிபி என்றே வந்தது. எழுதியது ஒரு எட்டாம் வகுப்புப் பெண். நான்காவது கட்டத்தை நிரப்பியதும் அவளே சத்தமாகச் சொன்னாள்: "அண்ணா, ரெண்டுமே ரெண்டு ஜிபிதான்!"

சிபியு-இசட் என்று ஒரு இலவச மென்பொருள் உண்டு. ராமின் மேலேயே ஒரு சிறு சில்லு இருக்கிறது. தன் அளவு, வேகம், தயாரித்தவர் பெயர் எல்லாவற்றையும் அந்தச் சில்லு வைத்திருக்கும். அதை இந்த மென்பொருள் படித்துக் காட்டும். அதிலும் இரண்டு ஸ்லாட்டிலும் 2048 எம்பி. இரவு முழுக்க மெம்டெஸ்ட் ஓடவிட்டோம். காலையில் பிழை பூஜ்ஜியம். ஆக, பொருள் எங்கேயும் போகவில்லை. யாரும் எடுக்கவில்லை. பெட்டிக்குள்ளேயே முழுதாக உட்கார்ந்திருக்கிறது. அப்படியானால் ஏன் கணக்கில் வரவில்லை?

இங்கேதான் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த ஒரு நல்ல வாய்ப்புக் கிடைத்தது. உங்களுக்கும் சொல்கிறோம்.

ராமில் இருக்கும் ஒவ்வொரு பைட்டும் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கதவு எண் வேண்டும். கதவு எண் இருந்தால்தான் செயலி அந்த வீட்டுக்குக் கடிதம் போட முடியும், பதில் வாங்க முடியும். எங்கள் கணிப்பொறியில் இருந்தது 32 பிட் விண்டோஸ். கதவு எண்ணை எழுத 32 கட்டங்கள், ஒவ்வொன்றிலும் பூஜ்ஜியம் அல்லது ஒன்று. இதை வைத்து மொத்தம் 429,49,67,296 எண்கள் எழுதலாம். அதாவது சரியாக 4 ஜிபி. அதற்குமேல் ஓர் எண்கூட இல்லை.

4 ஜிபி ராமுக்கு 4 ஜிபி எண்கள், சரியாகப் போயிற்றே என்று தோன்றும். போகாது. கதவு எண் கேட்பது ராம் மட்டும் கிடையாது. படம் காட்டும் கிராஃபிக்ஸ், ஒலி, நெட்வொர்க், யுஎஸ்பி, பயாஸ் சில்லு என்று மதர்போர்டில் உள்ள ஒவ்வொரு சாதனமும் இதே வரிசையில்தான் எண் வாங்க வேண்டும். இவற்றுக்காக 4 ஜிபிக்குச் சற்றுக் கீழே உள்ள மேல்தெரு முழுவதையும் முன்கூட்டியே ஒதுக்கிவிடுகிறார்கள். சாதனத்துக்கு எண் கிடைக்காவிட்டால் அது இயங்கவே இயங்காது, ஆகவே அதற்கு முதலிடம். மிஞ்சிய எண்கள்தான் ராமுக்கு. எண் கிடைக்காத ராம் மதர்போர்டில் இருக்கிறது, மின்சாரம் வாங்குகிறது, சூடாகிறது, ஆனால் அதை யாரும் கூப்பிட முடியாது.

விண்டோஸ் 7இல் ரிசோர்ஸ் மானிட்டர் என்று ஒரு பகுதி இருக்கிறது. அதில் மெமரி பக்கத்தைத் திறந்தால் ஒரு பட்டை வரும். பட்டையின் இடது ஓரத்தில் ஹார்ட்வேர் ரிசர்வ்டு என்று ஒரு துண்டு இருக்கும். எங்கள் கணிப்பொறியில் அது 1034 எம்பி. மொத்தம் 4096. கழித்தால் 3062 எம்பி, அதாவது 2.99 ஜிபி. கணக்கு ஒற்றை எம்பிகூடப் பிசகாமல் பொருந்தியது. 'திருடன்' அந்தப் பட்டையில்தான் உட்கார்ந்திருந்தான், தன் பெயரையும் எழுதி வைத்துக்கொண்டு!

இது புதிய கதையும் இல்லை. 1981இல் ஐபிஎம் வெளியிட்ட முதல் பிசியில் இன்டெல் 8088 செயலி இருந்தது. கதவு எண்ணுக்கு 20 கட்டம், மொத்தம் 1 எம்பி. அதில் நிரல்களுக்கு 640 கேபி, மேலே இருந்த 384 கேபி சாதனங்களுக்கு. அன்று கேபி கணக்கில் நடந்தது பிறகு ஜிபி கணக்கில் நடந்தது, அவ்வளவுதான். 1995இல் வந்த பென்டியம் ப்ரோ செயலியிலேயே எண்ணை 36 கட்டமாக நீட்டும் வசதி வந்துவிட்டது. 32 பிட் விண்டோஸின் சில சர்வர் பதிப்புகளில் 4 ஜிபிக்கு மேலே போக அனுமதியும் இருந்தது. ஆனால் வீட்டுக் கணிப்பொறிகளில் பொருத்தப்படும் பலவகைச் சாதனங்களின் டிரைவர்கள் 4 ஜிபிக்கு மேற்பட்ட எண்ணைக் கண்டால் தடுமாறின. அதனால் விண்டோஸ் 7 வரையிலான வீட்டுப் பயன்பாட்டுப் பதிப்புகள் 32 பிட்டாக இருந்தால் 4 ஜிபி கோட்டைத் தாண்டுவதில்லை.

அந்த 1034 எம்பியில் ஒரு பங்கு வேறு வகை. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணிப்பொறிகளில், படம் காட்டுவதற்கான நினைவகத்தை ராமிலிருந்தே வெட்டி எடுத்துக்கொள்வார்கள். இது எண் பிரச்சினை அல்ல, உண்மையான செலவு. கணிப்பொறியைத் தொடங்கும்போது டெலீட் பொத்தானை அழுத்தி பயாஸுக்குள் போனோம். 128 எம்பி என்று வைத்திருந்தார்கள். விண்ணப்பம் நிரப்பவும் பாடம் படிக்கவும் அவ்வளவு தேவையில்லை, 32 ஆக்கினோம். 96 எம்பி திரும்பி வந்தது. திரையில் 3.08.

இன்னும் இரண்டு இடம் பார்த்தோம். ஒன்று, எம்எஸ்கான்ஃபிக் என்று தட்டினால் வரும் பெட்டியில், பூட் பக்கத்தின் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் மேக்ஸிமம் மெமரி என்று ஒரு கட்டம். யாராவது அதில் டிக் போட்டு ஓர் எண்ணை வைத்துவிட்டால் அதற்குமேல் விண்டோஸ் எடுக்காது. எங்களுடையதில் டிக் இல்லை. மற்றது, பயாஸில் மெமரி ரீமேப் என்ற அமைப்பு. எண் கிடைக்காமல் நிற்கும் ராமுக்கு 4 ஜிபி கோட்டுக்கு மேலே புதிய எண் கொடுப்பதுதான் இதன் வேலை. 2005இல் வந்த இன்டெல் 945 வகை சிப்செட்டுகளில் இந்த வசதியே கிடையாது. 2006இல் வந்த 965 முதல் உண்டு. எங்கள் மதர்போர்டில் வசதி இருந்தது, அணைத்து வைக்கப்பட்டிருந்தது. இயக்கினோம். ஆனால் 32 பிட் விண்டோஸ் அந்த மேல் எண்களைத் திரும்பியே பார்க்காது. கதவு எண் கிடைத்தும் தபால்காரர் அந்தத் தெருவுக்கு வரமாட்டேன் என்கிறார். அப்புறம் என்ன செய்வது? தபால்காரரைத்தான் மாற்ற வேண்டும்.

செயலி 64 பிட்டைத் தாங்கும் என்று சிபியு-இசட் ஏற்கனவே காட்டியிருந்தது. ஒரு பென் டிரைவில் 64 பிட் லினக்ஸை ஏற்றி, ஹார்டு டிஸ்கில் எதையும் தொடாமல், அதிலிருந்தே கணிப்பொறியைத் தொடங்கினோம். கருப்புத் திரையில் தம்பிதான் தட்டினான். 'ஃப்ரீ' என்று ஒரு கட்டளை. நினைவகம் 3.8 ஜிபி என்று வந்தது. மிச்சத்தை கிராஃபிக்ஸும் லினக்ஸின் உட்கருவும் எடுத்துக்கொண்டிருந்தன. அதே பெட்டி, அதே இரண்டு ராம். அறையில் இருந்த பிள்ளைகள் கை தட்டினார்கள். தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றான்.

பிள்ளைகளின் ஆவணங்களைப் பிரதி எடுத்து வைத்துவிட்டு, இப்போது அந்தக் கணிப்பொறியில் 64 பிட் லினக்ஸையே நிறுவிவிட்டோம். விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14 அன்றே பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றுவிட்டன, எப்படியும் மாற்ற வேண்டியதுதான். பிரிண்டரைப் பழக்கத்துக்குக் கொண்டுவர இரண்டு மாலை பிடித்தது. தமிழ்த் தட்டச்சு சிக்கலில்லை. 25,000 ரூபாய் மிச்சம். உதவித்தொகைப் படிவம் நடுவில் உறைவதில்லை.

இதில் எங்களுக்குத் தோன்றிய இரண்டைச் சொல்கிறோம். கடைக்காரர் அறிவில்லாதவர் அல்ல. இருபது ஆண்டுகள் இந்தத் தொழிலில் இருக்கிறார் என்று கடைப் பலகையே சொல்கிறது. 32 பிட் விஷயம் அவருக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்புக் குறைவு. தெருப் பெயரைக் கேட்ட பிறகு அது அவருக்கு நினைவுக்கு வரவில்லை. எளிய விளக்கம் ஒன்று முந்திக்கொண்டு வந்துவிட்டது. நினைவகம் காணாமல் போனது எங்கே என்று பார்த்தால், அங்கேதான்.

இரண்டாவது, நம் பக்கம். "பேச்சு வேணாம், காசு வச்சுக்கங்க" என்று நம் பிள்ளைகள் கொடுக்கும் பணத்தை நாம் வாங்கக் கூடாது. ஆறுதல் சொல்லி அனுப்பினாலும் போதாது. "நீ எடுத்திருக்க மாட்டேன்னு எங்களுக்குத் தெரியும்" என்ற சொல் அன்பானதுதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு அவன் கடைத்தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. நோட்டில் இருக்கும் நான்கு கட்டத்தை வைத்து நடக்க முடியும். நம் நம்பிக்கை அவனுக்குத் துணை. நிரூபணம்தான் அவன் சொத்து.

மற்ற படிப்பகத் தோழர்களுக்காக, எங்கள் சுவரில் ஒட்டியிருப்பதைச் சுருக்கமாகத் தருகிறோம். பொருத்தப்பட்டது எவ்வளவு, பயன்படுவது எவ்வளவு என்று இரண்டு எண்ணையும் படியுங்கள். பயாஸிலேயே ராம் குறைவாகத் தெரிந்தால் கோளாறு ராமிலோ ஸ்லாட்டிலோ மதர்போர்டின் எல்லையிலோ இருக்கிறது: துடைத்து, மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். பயாஸில் முழுதாகத் தெரிந்து விண்டோஸில் மட்டும் குறைந்தால் 32 பிட்டா என்று பாருங்கள். பிறகு ரீமேப், கிராஃபிக்ஸ் பங்கு, எம்எஸ்கான்ஃபிக். 500 ஜிபி ஹார்டு டிஸ்க் 465 என்று காட்டினாலோ, 16 ஜிபி பென் டிரைவ் 14.9 என்று காட்டினாலோ பதற வேண்டாம். தயாரிப்பவர்கள் ஒரு ஜிபியை நூறு கோடி பைட் என்று எண்ணுகிறார்கள், விண்டோஸ் 107 கோடிக்கும் சற்று அதிகமாக எண்ணுகிறது. பொருள் ஒன்று, எண்ணும் படிதான் வேறு.

அந்தத் தாளின் கடைசி வரியைத் தம்பி எழுதினான். இதையெல்லாம் பார்த்து முடிக்கும்வரை இந்த அறையில் யாரும் யார் பெயரையும் சொல்லக் கூடாது என்பது அந்த வரி. கணிப்பொறிக்கு மட்டும் என்று அவன் அதில் எழுதவில்லை.